வெற்றிடக் குழாய் (தானுந்து)

இக்கட்டுரை தானுந்துகளில் உள்ள ரப்பர்க் குழாய் பற்றியது. பழைய வானொலிப் பெட்டிகளில் பயன்பட்ட மின்னணுக் கருவியைப் பற்றி அறிய, வெற்றிடக் குழல் என்னும் கட்டுரையைப் பார்க்கவும்.

வெற்றிடக் குழாய் என்பது தானுந்தின் பொறியில் உண்டாகும் குறைந்த காற்றழுத்தத்தை, அவ்வழுத்தத்தால் இயங்கும் பிற உறுப்புகளுக்குக் கொண்டு செல்லும் சிறு குழாய் ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது வேக்கம் ஓஸ் என்று வழங்கப்படுகிறது. பெரும்பாலான வெற்றிடக் குழாய்களின் உள்விட்டம் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையே இருக்கும். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய் மட்டும் விரல் பருமன் கொண்டது. பானட்டின் அடியில் உள்ள பொருள்களில் மிக மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும், டர்போ பொருத்திய தானுந்தில் இக்குழாய்களில் ஒன்று கழன்றுவிட்டால் வண்டி இழுவை இழக்கும், கரும்புகை விடும், அல்லது வேகமெடுக்கும்போது வெட்டி வெட்டி ஓடும். இவ்வறிகுறிகள் டர்போவே பழுதடைந்ததைப் போலத் தோன்றுவதால், நல்ல டர்போவைக் கழற்றிப் புதியதை மாற்றிய பின்னரும் பழுது நீங்காமல் இருப்பது உண்டு. பிரேக்கின் துணைவிசையும் இதே குழாய் வலையில் இருந்தே கிடைப்பதால், கழன்ற குழாயைக் கண்டறிவது செலவு பற்றிய செய்தி மட்டுமன்று.

குறையழுத்தம் உண்டாகும் விதம்

வெற்றிடம் என்று வழங்கினாலும் இக்குழாய்களில் இருப்பது முழு வெற்றிடம் அன்று. வளிமண்டல அழுத்தத்தை விடக் குறைந்த அழுத்தமே ஆகும். பெட்ரோல் பொறியில் ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, காற்று நுழையும் வழியைத் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழிறங்கிக் காற்றை இழுக்க முயல்வதால், தகட்டுக்கும் உருளைகளுக்கும் இடையே உள்ள உள்ளிழு குழாய்த்தொகுதியில் அழுத்தம் வீழ்கிறது. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் ஆகும். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் பொறி வெற்றோட்டத்தில், அதாவது வண்டி நிற்கப் பொறி மட்டும் ஓடும் நிலையில், இத்தொகுதியின் அழுத்தம் அதைவிட ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கும். பொறியாளர்கள் இதைச் செலவின்றிக் கிடைத்த ஆற்றலாகக் கருதிப் பல வேலைகளுக்குப் பயன்படுத்தினர்.

டீசல் பொறியின் நிலை வேறு. அதில் வேகம் காற்றைக் கட்டுப்படுத்துவதால் மாறுவதில்லை. செலுத்தப்படும் எரிபொருளின் அளவால் மாறுகிறது. எனவே மரபான டீசல் பொறியில் உள்ளிழு தொகுதியில் பயன்படத்தக்க குறையழுத்தம் உண்டாவதில்லை. அதற்கெனத் தனியாக ஒரு வெற்றிட பம்பு தேவைப்படுகிறது. சில பொறிகளில் இது கேம் தண்டால் இயக்கப்படுகிறது. இந்திய டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். டீசல் வண்டியில் வெற்றிடப் பழுது தேடும்போது தொடக்கப்புள்ளி இந்தப் பம்பே ஆகும். பெட்ரோல் வண்டியில் தேடிப் பழகியவர்கள் இதை மறந்துவிடுவது இயல்பு.

ஒரு சிறு குழாய் கழன்றால் எவ்வளவு காற்று உள்ளே நுழையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். துளையின் மறுபுறத்து அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 53 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால், துளை வழியாகப் பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. வெற்றோட்டத்தில் உள்ள பெட்ரோல் பொறியில் இந்நிலை உண்டு. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வழியாக அப்போது விநாடிக்குச் சுமார் 2 கிராம் காற்று நுழையும். 1.2 லிட்டர் பொறி வெற்றோட்டத்தில் உட்கொள்ளும் மொத்தக் காற்றே விநாடிக்கு 2 முதல் 3 கிராம் வரைதான். குழாயின் நீளமும் வளைவும் இதைச் சற்றுக் குறைக்கும் என்றாலும், பென்சில் பருமனுக்கும் குறைந்த ஒரு குழாய் பொறியின் ஓட்டத்தையே குலைப்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். கழன்ற இடத்தில் கேட்கும் சீறலொலிக்கும் இவ்வேகமே காரணம்.

டர்போவினால் வரும் மாற்றம்

டர்போ என்பது வெளியேறும் புகையின் ஆற்றலால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள அமுக்கியால் காற்றை அழுத்திப் பொறிக்குள் செலுத்தும் கருவியாகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூச்சி 1905இல் இதற்கு அடிப்படையான காப்புரிமையைப் பெற்றார். விற்பனைக்கு வந்த தானுந்துகளில் இது முதலில் 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்சுமொபைல் ஜெட்பயர், செவ்ரோலே கோர்வேர் ஆகியவற்றில் இடம்பெற்றது. இந்தியாவில், காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவான ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ 2002இல் வெளிவந்தது. பொதுத்தண்டவாள முறையில் டீசல் செலுத்தும் டர்போ பொறிகள் அதன் பின்னர் நடுத்தரக் குடும்பங்களின் வண்டிகளிலும் பரவின. 2013இல் மறைமலைநகரில் இருந்து வந்த போர்டு எக்கோஸ்போர்ட் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் பொறியைக் கொண்டிருந்தது. அந்த ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் உள்ளிழு தொகுதியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டுவதில்லை. எனவே குழாய் எப்போதும் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. வெளிக்காற்றே அதைத் தன் முனையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. டர்போ பெட்ரோல் வண்டியிலோ அதே குழாயில் வெற்றோட்டத்தின்போது குறையழுத்தமும், மேடு ஏறும்போது வளிமண்டலத்தை விட அரை முதல் ஒரு பார் வரை மிகையழுத்தமும் மாறி மாறி நிலவும். இழுத்துப் பிடித்த அதே முனையில் இருந்து இப்போது குழாய் வெளியே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போதும் இது நிகழ்வதால், கிளிப் இல்லாத குழாய் சிறிது சிறிதாக நகர்ந்து ஒரு நாள் கழன்றுவிடுகிறது. பெரும்பாலும் இது ஏற்றத்தில்தான் நேரும்.

இதனால் அறிகுறியும் இரட்டைத்தன்மை கொள்கிறது. காற்றோட்ட உணரி பொருத்திய வண்டியில், வெற்றோட்டத்தின்போது கழன்ற முனை வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. கலவையில் எரிபொருள் விகிதம் குறைகிறது. டர்போ அழுத்தம் ஏறியதும், உணரி அளந்துவிட்ட காற்று அதே முனை வழியாக வெளியேறுகிறது. அளந்த காற்றுக்கேற்ப எரிபொருள் செலுத்தப்பட்டுவிட்டதால் விகிதம் மிகுகிறது. கணினிப் பெட்டியின் எரிபொருள் திருத்தம் வெற்றோட்டத்தில் கூட்டலாகவும் சுமையில் கழித்தலாகவும் காட்டினால், அது எரிபொருள் தெளிப்பியின் குறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. காற்றுக் கசிவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அழுத்த உணரியை மட்டும் கொண்டு காற்றைக் கணிக்கும் வண்டிகளில் இத்திருத்தம் பெரிதாக மாறாது. வெற்றோட்ட வேகம் உயர்ந்து நிற்பதே அங்குக் குறி.

எதிரெதிரான இரு பழுதுகள்

டர்போ தருகிற அழுத்தம் அளவு மீறாமல் இருக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும். ரப்பர் சவ்வும் சுருள்வில்லும் அடங்கிய ஒரு சிறு குப்பி, ஒரு கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி இக்கட்டுப்பாட்டைச் செய்கிறது. ஆக்சுவேட்டர் எனப்படும் இக்குப்பிக்கு ஒரு குழாய் செல்லும். எல்லா வண்டிகளிலும் இது ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வேலை ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் தேடத் தொடங்குவதே தவறான முடிவுகளுக்குப் பெரும்பாலும் வழிவகுக்கிறது.

எளிய டர்போக்களில் மிகைப்புகை வழித்திறப்பு ஒன்று உண்டு. பட்டறை வழக்கில் வேஸ்ட்கேட். அமுக்கியில் அழுத்தம் ஏறும்போது, குழாய் வழியே அந்த அழுத்தம் குப்பிக்குச் சென்று வில்லைத் தள்ளித் திறப்பைத் திறக்கிறது. புகையின் ஒரு பகுதி சுழலியைத் தொடாமல் வெளியேறுகிறது. இக்குழாய் கழன்றால் திறப்புக்குச் செய்தி எட்டாது. அது மூடியே கிடக்கும். டர்போ அழுத்தம் அளவுமீறி ஏறும். கணினிப் பெட்டி இதைக் கண்டு எரிபொருளை வெட்டிவிடும். ஓட்டுநர் உணர்வது, சில விநாடிகள் அபாரமான இழுவை, உடனே யாரோ பிடித்து இழுத்தாற்போல் ஒரு வெட்டு. பிழைக்குறி பி 0234 ஆக இருக்கும்.

மாறுவடிவ டர்போக்களில் சுழலியைச் சுற்றிச் சாயும் இதழ்கள் உள்ளன. இந்தியாவில் 2006இல் வந்த ஹூண்டாய் வெர்னா டீசல் இத்தகைய டர்போவோடு அறியப்பட்டது. வெற்றிடத்தால் இயங்கும் வகையில், பம்பில் இருந்து வரும் குறையழுத்தம் கம்பியை இழுக்கும்போது இதழ்கள் நெருங்கிப் புகையை விரைவாகச் சுழலியின் மேல் பாய்ச்சுகின்றன. குழாய் கழன்றால் வில் கம்பியைத் தளர்த்திவிட, இதழ்கள் அகன்று கிடக்கும். வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது; இரண்டாம் கியரில் ஏற வேண்டிய மேட்டில் முதல் கியர் கேட்கும்; கரும்புகை வரும். பிழைக்குறி பி 0299, அதாவது டர்போ அழுத்தக் குறைவு. வடிவமைப்பாளர் வேண்டுமென்றே இப்படி வைத்துள்ளனர்: குழாய் போனால் வலுவிழப்பது, பொறி உடைவதை விட நல்லது.

இரண்டுக்கும் நடுவே மின்காந்த வால்வு ஒன்று உண்டு. அதில் வரவு, செலவு, வெளிக்காற்று என மூன்று முனைகள் இருக்கும். குழாய் எதுவும் கழலாமல், இம்முனைகளில் குழாய்கள் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தாலும் மேற்கூறிய அறிகுறிகளே தோன்றும். வேறு வேலைக்காகக் கழற்றிப் பூட்டிய பின்னர் இப்பழுது நேர்வது வழக்கம்.

பிற குழாய்களைச் சுருக்கமாகக் கூறலாம். அழுத்த உணரிக்குக் குழாய் செல்லும் பழைய டர்போ பெட்ரோல் வண்டிகளில் அது கழன்றால் உணரி எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். டர்போ அழுத்தம் ஏறியிருப்பதை அறியாமல் பெட்டி எரிபொருளைக் குறைவாகச் செலுத்துவதால் பொறியில் தட்டல் ஏற்பட்டுப் பிஸ்டன் சேதமுறலாம். கிராங்கு அறையின் காற்றோட்டக் குழாயில் ஒருவழி வால்வு பழுதானால், டர்போ அழுத்தம் கிராங்கு அறைக்குள் புகுந்து எண்ணெய்ச் சீல்களைத் தள்ளும். பழைய மெர்சிடிஸ் டீசல் வண்டிகளில் பொறியை நிறுத்துவதும் வெற்றிடத்தால்தான். அங்குக் குழாய் கழன்றால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பின்னும் பொறி ஓடிக்கொண்டே இருக்கும்.

கண்டறியும் முறை

அரக்கோணத்தில் இருந்து திருத்தணிக்குச் செல்லும் ஒரு டர்போ டீசல் தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சமவெளியில் குறை தெரியவில்லை. திருத்தணி மலைக்கோயிலுக்குச் செல்லும் ஏற்றத்தில் இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. இறங்கி வந்து பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் சற்று நேரம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. பட்டறையில் டர்போ போய்விட்டது என்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக இவ்வண்டியில் கைவைத்தது எப்போது, எதற்காக என்பதாகும். காற்று வடிகட்டி மாற்றுதல், மின்கலம் மாற்றுதல், கிளட்ச் வேலை ஆகியவற்றின்போது வழியில் உள்ள குழாய்கள் நகர்த்தப்படுகின்றன. சென்ற வாரம் வடிகட்டி மாற்றப்பட்டது என்றால், வடிகட்டிப் பெட்டியைச் சுற்றி ஒரு முழ தூரத்திற்குள் தேடலைத் தொடங்குவதே அறிவுடைமை. எலிகள் மற்றொரு காரணம். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில், வெதுவெதுப்பான பொறியின் மேல் தங்கும் எலி கடித்த குழாயில் பல் தடம் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. பல வண்டிகளில் பானட்டின் உட்புறம் வெற்றிடக் குழாய்களின் படம் ஒட்டப்பட்டிருக்கும். இல்லையெனில் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். படத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு குழாயின் இரு முனைகளையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு: முனையில் இருந்து கழன்ற குழாய் பல வேளைகளில் அதே இடத்தில், மாட்டியதுபோலவே சாய்ந்து கிடக்கும். குழாயின் அடிப்புற வெடிப்பும் மேலிருந்து தெரிவதில்லை. குழாயை இலேசாக வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். எதனோடும் சேராமல் நிற்கும் வெற்று முனை ஒன்று தென்பட்டால், அது தொழிற்சாலையிலேயே மூடி போட்டு விடப்பட்டதா, மூடி விழுந்ததா, குழாய் இருந்ததா என்று படத்தோடு ஒப்பிட வேண்டும்.

பிறகு காது. பொறி வெற்றோட்டத்தில் இருக்கும்போது, அரை மீட்டர் நீளமுள்ள ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையைக் குழாய்களின் வழியே நகர்த்தினால் சீறலொலி எந்த இடத்தில் மிகுகிறது என்பது தெரியும். மருத்துவரின் இதயத்துடிப்பு மானியைப் போன்றது இது. சுழலும் பெல்ட்டும் விசிறியும் அருகில் இருப்பதால் தொங்கும் துணி, தாலிச்சரடு, கழுத்துத் துண்டு ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

எரியக்கூடிய தெளிப்பானை அடித்துப் பார்ப்பது பழைய பெட்ரோல் வண்டிகளில் பரவலாக இருந்த முறை. கசிவு உள்ள இடத்தில் அது உறிஞ்சப்பட்டுப் பொறியின் வேகம் மாறும். டர்போ வண்டியில் இதைத் தவிர்க்க வேண்டும். சுமையில் ஓடி வந்த டர்போவின் சுழலி உறை பல நூறு பாகை செல்சியசு வெப்பத்தில் இருக்கும்; மண்ணெண்ணெயும் கார்புரேட்டர் சுத்திகரிப்பியும் அதில் பட்டால் தீப்பற்றும். அதற்கு மாற்றாகச் சோப்பு நீர் உதவுகிறது. பொறியை நிறுத்திவிட்டு, காற்று நுழைவாயை அடைத்துக் கால் பம்பால் சிறிதளவு அழுத்தம் ஏற்றினால் கசியும் இடத்தில் நுரை எழும். அழுத்தம் வண்டியின் இயல்பான டர்போ அழுத்தத்தை விடக் குறைவாகவே இருக்க வேண்டும். டீசல் வண்டியின் வெற்றிடப் பக்கம் உள்ளிழு தொகுதியோடு இணைந்ததன்று என்பதால், சோப்பு நீர்ச் சோதனை அங்குப் பயன் தராது.

அங்குத் தேவைப்படுவது கைப்பம்பும் அளவியும். நம் எடுத்துக்காட்டு வண்டியில், முதலில் வெற்றிட பம்பின் முனையிலேயே அளவியை மாட்டிப் பொறியை இயக்க வேண்டும். நல்ல பம்பு சில விநாடிகளில் 650 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டிவிடும். தாண்டினால் பம்பு குற்றமற்றது. குறை அதற்கு அப்பால் உள்ளது. அடுத்து வலையின் நடுவில் உள்ள டீ இணைப்பில் அளக்க வேண்டும். அங்கு அளவு நன்றாக இருந்தால் முதல் பாதி நல்லது; இல்லையெனில் பழுது முதல் பாதியில் உள்ளது. மீதியை மீண்டும் பாதியாக்கிச் சோதிக்க வேண்டும். எட்டு இணைப்புகள் இருந்தாலும் மூன்று அளவீடுகளில் இடம் பிடிபடும். கணினி நிரலில் பிழை தேடுபவர்கள் கையாளும் முறையும் இதுவே. வரிசையாக ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவதை விட இதில் வேறொரு நன்மையும் உண்டு: கெட்டிப்பட்ட பழைய குழாயை எத்தனை முறை கழற்றுகிறோமோ அத்தனை முறை அது கிழியும் வாய்ப்பு ஏறுகிறது.

இறுதியாக ஆக்சுவேட்டருக்கு நேரடியாகக் கைப்பம்பை மாட்டி இழுத்தால் கம்பி சீராக நகர்ந்து, அளவியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் மெல்ல இறங்கினால் சவ்வு கிழிந்துள்ளது. குழாயை மாற்றிப் பயனில்லை. கம்பி நகராமல் முள் மட்டும் நின்றால் டர்போவின் இதழ்கள் கரி படிந்து இறுகியுள்ளன. கம்பி நகர்ந்து முள்ளும் நின்றால், டர்போவின் கட்டுப்பாட்டுப் பகுதி நன்றாக உள்ளது. டர்போ போய்விட்டது என்னும் தீர்ப்பை இந்த ஒரு சோதனைக்கு முன் ஏற்கக்கூடாது. இதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.

எடுத்துக்காட்டு வண்டி மீண்டும் இயக்கியதும் சற்று நேரம் சரியாக ஓடியது ஏன்? பழுதைக் கண்ட கணினிப் பெட்டி வலுவைக் குறைத்து வைத்திருந்தது. பொறியை நிறுத்தி இயக்கியபோது அக்கட்டுப்பாடு நீங்கி, அடுத்த ஏற்றத்தில் மீண்டும் வந்தது. பழுது தானாகச் சரியாகிறது என்று இதைப் பொருள்கொள்வது தவறு.

அளவியைப் படிக்கும்போது உயரத்தையும் கருத வேண்டும். உதகமண்டலம் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தமே சுமார் 580 மில்லிமீட்டர் பாதரசம்தான். அரக்கோணத்தில் 650 காட்டும் நல்ல பம்பு உதகையில் அந்த அளவைக் காட்ட இயலாது.

பிரேக் பூஸ்டரும் இரயிலின் வேக்கம் பிரேக்கும்

குழாய் வலையில் மிகப் பருமனான கிளை பிரேக் பூஸ்டருக்குச் செல்கிறது. பூஸ்டர் என்பது பெரிய சவ்வொன்றால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட உருளைப் பெட்டி. மிதியை அழுத்தும்போது ஒரு பக்கத்தில் வெளிக்காற்று நுழைகிறது. மறுபக்கம் குறையழுத்தத்திலேயே இருக்கும். 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வின் பரப்பு ஏறத்தாழ 415 சதுர சென்டிமீட்டர். அழுத்த வேறுபாடு 0.7 பார் எனில் சவ்வின் மேல் செயற்படும் விசை சுமார் 2900 நியூட்டன். ஏறக்குறைய 300 கிலோகிராம் எடையை அதன்மேல் வைத்ததற்குச் சமம். ஓட்டுநரின் கால் செய்வது இதைத் தூண்டுவதே.

இக்குழாய் கழன்றால் பிரேக் முற்றிலும் போய்விடாது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பகுதி அப்படியே இருக்கும். ஆனால் மிதி கல்லைப்போல் இறுகி, அதே இடத்தில் வண்டியை நிறுத்தப் பல மடங்கு விசை தேவைப்படும். குழாயில் உள்ள ஒருவழி வால்வு பூஸ்டரில் சேர்ந்த குறையழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், பொறி நின்ற பிறகும் இரண்டு மூன்று முறை துணைவிசை கிடைக்கும். மலையிறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தப் பொறியை நிறுத்திவிட்டு இறங்குபவர்கள் இந்த இரண்டு மூன்றையும் முதல் வளைவிலேயே செலவழித்துவிடுகின்றனர். திருமலையின் இறங்கு பாதையில் வளைவுகள் பல.

அரக்கோணம் இரயில்வே சந்திப்பு என்பதால் இங்கு வேறொரு வெற்றிடக் குழாயை அறிந்தவர்கள் பலர். இராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை 1856 சூலை 1 அன்று திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. பின்னாளில் இந்திய இரயில்களில் நெடுங்காலம் வழக்கில் இருந்த வேக்கம் பிரேக்கில், வண்டியின் நீளத்திற்கும் ஒரு குழாய் ஓடும். பெட்டிக்குப் பெட்டி ரப்பர்க் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். அதில் குறையழுத்தம் இருக்கும்வரை பிரேக் தளர்ந்திருக்கும். இணைப்பு எங்கு கழன்றாலும் வெளிக்காற்று நுழைந்து, உருளைகளில் உள்ள பிஸ்டனைத் தள்ளிப் பிரேக்கைப் போட்டுவிடும். வண்டி இரண்டாகப் பிரிந்தால் இரு பகுதிகளும் தாமாக நிற்கும். பின்னர் காற்றழுத்தப் பிரேக் இதன் இடத்தைப் பிடித்தது. கழன்றால் நிற்க வேண்டும் என்னும் கொள்கை மட்டும் மாறவில்லை.

தானுந்தில் இது தலைகீழ். இரயிலில் கழன்ற குழாய் வண்டியை நிறுத்துகிறது. தானுந்தில் கழன்ற குழாய் நிறுத்தும் துணையைப் பறித்துக்கொள்கிறது. இரயில் ஓட்டுநருக்குக் குழாய் கழன்றதை இரயிலே சொல்லிவிடும். தானுந்து ஓட்டுநர் தானே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான சோதனை எளியது. பொறியை நிறுத்திய நிலையில் மிதியை ஐந்தாறு முறை அழுத்தி இறுகச் செய்து, காலை எடுக்காமல் பொறியை இயக்க வேண்டும். மிதி சிறிது கீழிறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது. அசையாவிட்டால் குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர் மூன்றில் ஒன்றில் குறை உள்ளது. டர்போவின் இழுவைக் குறைவைத் தேடி வந்த ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்வது நல்லது. டீசல் வண்டியில் இரண்டுக்கும் வெற்றிடம் தருவது ஒரே பம்பு.

இவ்வட்டாரத்திற்கு இப்பொருளோடு தொழில்வழித் தொடர்பும் உண்டு. 1982இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனத்தின் டர்போ ஆலை சோளிங்கர்ப் பக்கத்தில் உள்ள புலிவலத்தில் அமைந்தது. பிரேக் உறுப்புகள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை சோளிங்கரில் உள்ளது. 2019இல் வேலூர் மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணமும் சோளிங்கரும் இப்போது அடங்கும்.

கழல்வதற்கான காரணமும் மாற்றுக் குழாயும்

குழாய்களின் முதல் எதிரி வெப்பம். திருத்தணி வானிலை நிலையத்தில் கோடையில் 40 பாகை செல்சியசுக்கு மேல் பதிவாவது அடிக்கடி வரும் செய்தி. பானட்டின் அடியில் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு கடுமையானது. ரப்பர் ஆண்டுக்கணக்கில் வெந்து கெட்டிப்படும்போது, முனையை இறுகப் பற்றும் நெகிழ்ச்சியை இழக்கிறது. எண்ணெய் பட்ட ரப்பர் இதற்கு மாறாக ஊறித் தளரும். நைலான் குழாய்கள் நொறுங்கும்.

மாற்றும்போது சில தவறுகள் பழுதைத் திரும்பக் கொண்டுவருகின்றன. மீன்தொட்டிக்கு விற்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் விட்டத்தில் பொருந்தினாலும் சூட்டில் இளகி, உள்ளே குறையழுத்தம் வந்ததும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது குழாய் கழலவில்லை, வெடிக்கவில்லை, ஆனால் வழி அடைபட்டிருக்கும். இவ்வகைப் பழுதைக் கண்டுபிடிப்பது கழன்றதைக் கண்டுபிடிப்பதை விடக் கடினம். வெற்றிடத்திற்கென விற்கப்படும் குழாய் சுவர் தடித்ததாக இருக்கும். பழைய முனை விரிந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம்; குழாயில் அதற்கேற்ற தளர்வு இருக்க வேண்டும், இல்லையேல் பொறி அசையும்போது மீண்டும் இழுபட்டுக் கழலும். மிகையழுத்தம் வரும் குழாய்களுக்குக் கிளிப் கட்டாயம். வெற்றிடம் மட்டும் வரும் குழாய்களுக்கு அது நல்லது. கூரான கம்பியால் முறுக்கிக் கட்டுவது ரப்பரை அறுத்துவிடும்.

குழாயை மாட்டிய பின் பிழைக்குறியை அழித்து, வண்டியை அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சமவெளியில் ஓட்டிப் பார்ப்பது போதாது. பிரேக் மிதிச் சோதனையை அதற்கு முன்னரே, வண்டி நின்ற இடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.